எலுமிச்சைக்கு ஒதுங்கும் கார்

அன்றைக்கும் எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை.

கோவை அவிநாசி சாலையில் ஹால்பெர்க் கார் ஷோரூம் வாசலில் ராஜ வீதி நகைக்கடைக்காரர் ஒருவரின் குடும்பம் மொத்தமும் திரண்டிருந்தது. பட்டுத்துணியை விலக்கியாயிற்று, மாலை போட்டாயிற்று. குருக்கள் சூடம் காட்டி, முன் டயர் இரண்டுக்கும் எதிரே ஒரு சாண் தள்ளி பக்கத்துக்கொரு பழமாக வைத்துவிட்டு, "மெதுவா ஏத்துங்கோ" என்றார். நகைக்கடைக்காரர் பயபக்தியோடு ஆக்சிலேட்டரைத் தொட்டார். வண்டி கொஞ்சம் பின்வாங்கியது. நாசூக்காக ஒதுங்கியது. ஒரு பழத்தை வயிற்றுக்கடியிலும் இன்னொன்றை வெளியிலும் விட்டுவிட்டுப் போய் நின்றது. பழங்கள் இரண்டும் பளபளவென்று அப்படியே கிடந்தன.

"நேராத்தானுங்க போனேன்!" என்றார் நகைக்கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. அவருக்கு அப்படித்தான் தோன்றியிருந்தது.

மறுபடி வைத்தார்கள். மறுபடி ஒதுங்கியது. மாமியார்க்காரி முகம் சுண்டிப்போய்விட்டது. "சகுனமே செரியில்லையே" என்று யாரோ முணுமுணுக்க, விற்பனைப் பிரிவுத் தலைவி பெனசீர் ஏசிக்குள்ளேயே வேர்த்து விறுவிறுத்து, சர்வீஸ் பக்கம் ஆள் அனுப்பினாள்.

நவநீதன் வந்தான். சர்வீஸ் மேனேஜர், இன்ஜினீயரிங் படித்தவன், நாற்பதை நெருங்குகிறவன். எந்த நேரமும் சிரிக்கத் தயாராக இருக்கும் முகம். "சின்னதா ஒரு செக்கிங் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்து வண்டியை ஒர்க்‌ஷாப் மோடுக்கு மாற்றினான். அதில் போட்டால் வண்டியின் மூளை தூங்கிவிடும், வெறும் இரும்பாகிவிடும். பச்சக்! பச்சக்! எல்லாரும் கைதட்டினார்கள். மாமியார்க்காரிக்கு உயிர் வந்தது.

"எத்தனை நாளைக்கு சார் இந்தக் கூத்து?" என்றாள் பெனசீர், கூட்டம் கலைந்ததும். "ஜெர்மனிக்கு, கம்பெனிக்கு எழுதினா, 'பழத்தை ஏன் டயருக்கு அடியில் வைக்கிறீர்கள்?'னு கேட்டு பதில் போடறான். என்னத்தச் சொல்றது அவனுக்கு?"

"நாய்க்கு ஒதுங்குது, கோழிக்கு ஒதுங்குது, நியாயம். இந்த எலுமிச்சம்பழம் மேல அப்படி என்ன பாசம்னுதான் புரியல" என்றான் நவநீதன்.

ஹால்பெர்க் தானாக ஓடுகிற கார் இல்லை. தானாக ஓடும் கார்கள் ஊர் பூராவும் வாடகைக்குத் திரிகின்றன. அதில் என்ன கௌரவம்? ஹால்பெர்க்கை ஓட்டுகிறவர்தான் ஓட்ட வேண்டும். ஆனால் அவருக்கே தெரியாமல் இன்னொரு கை கூட வரும். திருப்பத்தில் நீங்கள் கொஞ்சம் பிந்தினால் அது கொஞ்சம் முந்தும். பிரேக்கில் உங்கள் கால் தயங்கினால் அது தயங்காது. எல்லாம் இம்மி அளவில்தான், உங்களுக்கு உறைக்கவே உறைக்காது. வண்டியை விட்டு இறங்கும்போது, 'என்ன அருமையா ஓட்டினோம்!' என்று உங்களுக்கே உங்கள் மேல் ஒரு மரியாதை வரும். அதற்குத் துணைக்கை என்று பெயர். அது எவ்வளவு வேலை செய்கிறது என்று வாடிக்கையாளரிடம் மூச்சு விடக்கூடாது என்பது கம்பெனி சட்டம்.

அன்று மதியம் கோமளவல்லி அம்மா வந்தார்.

பம்புசெட் தொழிற்சாலை முதலாளி. அறுபத்தேழு வயது, கதர்ச் சேலை, காலில் கேன்வாஸ் ஷூ. இந்த ஷோரூம் திறந்த வருடமே வந்திறங்கிய வண்டிகளில் ஒன்றை வாங்கியவர். பச்சை நிற ஹால்பெர்க், எட்டு வருடமாகியும் நேற்று வாங்கியது போல இருக்கும். டிரைவர் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. சென்னையிலிருக்கும் மகன் ஒருமுறை ஆள் பார்த்து அனுப்ப, அந்த ஆளைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து ஊட்டிக்கு ஓட்டிப்போய்க் காட்டியவர். இறங்கியதும் அவன், "நான் எதுக்குங்கம்மா உங்களுக்கு?" என்று கும்பிட்டுப் போய்விட்டான்.

கேட்டுக்குள் நுழைந்த பச்சை வண்டி, காலையில் நசுக்கிய பழங்களிடம் வந்ததும் பிரேக்கை இரண்டு முறை லேசாகத் தொட்டு, அழகாக ஒதுங்கி, ஒரே வீச்சில் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் போய் நின்றது. நவநீதன் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தான். இதைப் பார்க்க அவனுக்குச் சலிக்கவே சலிக்காது.

"என்னங்கம்மா, எலுமிச்சங்காயக் கண்டா இத்தனை மரியாதை?"

"ஊரான் திருஷ்டிய என்ற டயர்ல ஒட்டிக்கிட்டு ஊட்டுக்குக் கொண்டு போகவா? ஸ்டியரிங் புடிச்ச நாள்ல இருந்து ஒதுங்கித்தான் கண்ணு போறேன். அமாவாசைக்கு மறுநாள் நம்ம ஊரு ரோட்டுல ஓட்டறதுக்குத் தனித் தெறம வேணும்" என்று சிரித்தார்.

காபி வந்தது. டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார். காபி சூடு போல என்று நவநீதன் நினைத்துக்கொண்டான்.

சர்வீசுக்காக வண்டியை மாலைவரை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. ஹால்பெர்க் வாடிக்கையாளரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பும் வழக்கமில்லை, மாற்று வண்டி கொடுத்துத்தான் அனுப்புவார்கள். "அம்மாவுக்கு அந்த நீல ஸ்போர்ட்ஸ் வண்டியக் குடுங்க" என்று நவநீதனே சொன்னான். "அத ஓட்டற தெறம அவங்களுக்குத்தான் இருக்கு. ரசிச்சு ஓட்டுவாங்க." நீல வண்டியில் துணைக்கை கிடையாது. சுத்தமாகத் தானே ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கென்று செய்த வண்டி. அம்மாவும் சாவியை வாங்கிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி குதூகலமாகக் கிளம்பினார்.

அவன் பச்சை வண்டியில் சர்வீஸ் கருவியைச் சொருகியது அதற்கப்புறம்தான். கருவி உடம்பு பூராவும் சோதித்துக்கொண்டே வந்தது. பேட்டரி நன்று, டயர் நன்று, துணைக்கை... நவநீதன் கருவியைத் தட்டிப் பார்த்தான். கழற்றி மறுபடி சொருகினான். முதல் சில வருடங்கள் துணைக்கை வேலையே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஏறி, இந்த வருடம் வண்டியை ஏறக்குறைய அதுதான் ஓட்டிக்கொண்டிருந்தது. திருப்பம், பிரேக், கொஞ்ச நேரம் முன்னால் இவன் வாயைப் பிளந்து பார்த்த அந்தப் பார்க்கிங், எல்லாமே.

இரண்டு கையாலும் பிடித்த டம்ளர் ஞாபகம் வந்தது. அடக் கடவுளே!

"அம்மா எங்க?"

"அவங்க அப்பவே கிளம்பிட்டாங்களே சார்."

நவநீதன் போனை எடுத்தான், வைத்தான். எப்படிக் கூப்பிடுவது? ஓட்டிக்கொண்டிருப்பவர் போனை எடுக்கக் கையை விட்டால் என்னாகும்? பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வேறு. யாருடைய வண்டி என்றுகூடப் பார்க்காமல் கிடைத்த பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். வழி நெடுக சைக்கிளில் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். நான்தானே கொடுத்தேன், என் வாயாலேயே சொல்லிக் கொடுத்தேனே என்று ஹெல்மெட்டுக்குள் புலம்பிக்கொண்டே போனான்.

ஹோப் காலேஜ் தாண்டி ஓரமாகக் கூட்டம். நீல வண்டி ஒரு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றிக்கொண்டு கோணலாக நின்றது. இளநீர் வண்டி ஒன்று சாய்ந்து, காய்கள் ரோடெல்லாம் உருண்டிருந்தன. நவநீதன் பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். முதலில் ஆட்களைத்தான் பார்த்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இளநீர்க்காரர் எங்கும் அடிபடாமல் நின்று, "அந்தம்மாளப் பாருங்க மொதல்ல, ரொம்பப் பயந்துட்டாங்க" என்றார்.

கோமளவல்லி அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். இளநீர்க்காரர் சீவிக் கொடுத்த காய் மடியில் குடிக்காமலேயே இருந்தது.

"பிரேக்குன்னு நெனச்சேன் கண்ணு. நெனச்சு முடிக்கறதுக்குள்ள இடிச்சுப்போச்சு" என்றார். பிறகு, "வண்டியில ஏதோ கோளாறு" என்றார். அவன் சாய்ந்து கிடந்த இளநீர் வண்டியைப் பார்க்க, அவர் அவன் முகத்தையே பார்த்தார். இத்தனை வருடம் தொழிற்சாலை நடத்தியவர். ஒருத்தன் எதையோ முழுங்குகிறான் என்று கண்டுபிடிக்கத் தெரியாதா?

"வண்டி நல்லாத்தான் இருக்குது, இல்ல?"

"ஆமாங்கம்மா."

"அப்ப என்ற வண்டியில இந்த மாதிரி ஏன் ஒருநாளும் ஆகல?"

கம்பெனி சட்டம் நவநீதனுக்கு மனப்பாடம். மழுப்புவதற்கு வேண்டிய வார்த்தைகளையும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்த அம்மாவின் கை ஸ்டியரிங் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு இவர் தன்னை நம்பி வேறொரு வண்டியை எடுப்பார், அப்போது இளநீரோடு போகுமா? சொல்லிவிட்டான். துணைக்கையைப் பற்றி, அது ஏறிக்கொண்டே வந்ததைப் பற்றி, எல்லாவற்றையும்.

அவர் அழவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"எத்தனை பேருகிட்டப் பீத்திக்கிட்டேன் தெரியுமா?" என்றார். "என்ற மகன்கிட்ட, அந்த டிரைவர்கிட்ட, உன்றகிட்ட. கைய நீட்டி நீட்டிப் பேசுனேன். அப்பல்லாம் நீங்க உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பீங்க."

"சத்தியமா இல்லீங்கம்மா. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

"வண்டிய வித்துரு. சனிக்கெழம வந்து கையெழுத்துப் போடறேன். இனி அதுல ஏறுனா, யாரோ என்னைய இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்கும்."

இளநீர்க்காரரிடம் அவரே இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டார். ஷோரூம் டிரைவர் வந்து வீட்டில் கொண்டுபோய் விட்டான். எட்டு வருடத்தில் முதல்முறையாக அவர் பின் சீட்டில் உட்கார்ந்ததை நவநீதன் பார்த்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

ஷோரூம் முதலாளி அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். சட்டத்தை மீறி வாயைத் திறந்ததற்கு ஒரு பாட்டு, நல்ல வாடிக்கையாளரை இழந்ததற்கு இன்னொரு பாட்டு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அவன் பெங்களூர் ஆராய்ச்சி மையத்துக்குப் போன் போட்டான். அங்கே துணைக்கைப் பிரிவில் இருந்தவர் இளம்பரிதி, தூத்துக்குடிக்காரர்.

"ஒரு சந்தேகம் சார். துணைக்கை வேலை செய்யறப்ப ஓட்டறவருக்குத் தெரியற மாதிரி வைக்க முடியுமா? அது ஒளிஞ்சிருக்கறதுதான் பிரச்சினை. எப்ப நம்ம கை, எப்ப அதோட கைன்னு தெரிஞ்சா, ஏமாந்த மாதிரி இருக்காதுல்ல?"

"வைக்கலாமே. ஸ்டியரிங்ல லேசா ஒரு இழுப்பு தெரியற மாதிரி செட்டிங் இருக்கு. ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார் இளம்பரிதி. "ஆமா, கோயம்புத்தூர்தானே? உங்க எலுமிச்சம்பழப் புகாரைத் தோண்டிப் பாத்தோம். அது கோளாறு இல்லைங்க."

"பின்ன?"

"துணைக்கைக்கு ஓட்டக் கத்துக்கொடுக்கணும்ல? ஜெர்மன்காரன் ஓட்டறதை நம்ம ரோட்டுல விட்டா என்னாகும்? அதனால இங்க முதல்ல வித்த வண்டிகள்ல யார் ரொம்ப நல்லா ஓட்டறாங்கன்னு பாத்தோம். பேர் தெரியாது, வண்டி நம்பர் மட்டும்தான். ஒரே ஒருத்தர்தான் தேறினார். என்னா ஓட்டு தெரியுமா! ஆபீஸே உட்கார்ந்து பாத்துச்சு. பஸ் ஸ்டாப்புல எறங்கற கூட்டத்துக்கு முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கறது, மாடு எந்தப் பக்கம் திரும்பும்னு கணிக்கறது, ஒதுங்கறதுக்கு முன்னாடி பின்னால வர்றவனுக்குப் புரியட்டும்னு பிரேக்கை இரண்டு முறை தொடறது. அந்தக் கையைத்தான் எல்லா வண்டிக்கும் வெச்சோம். ஆனா அந்த மனுசன் ரோட்டுல எலுமிச்சம்பழம் கிடந்தா ஒருநாளும் ஏத்தினதே இல்ல. வண்டிங்களும் அதையே கத்துக்கிச்சு."

நவநீதன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சை வண்டி நின்றுகொண்டிருந்தது.

"அந்த வண்டி நம்பர் வேணும் சார். இல்ல, நான் சொல்றேன், நீங்க ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னான். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"எப்படிங்க தெரியும்?" என்றார் இளம்பரிதி. "அந்த வண்டிகிட்ட இருந்து இன்னும்கூட கத்துக்கிட்டுத்தான் இருக்கோம். அவரோட கை உறுதியா இருக்கற இடத்துல மட்டும் எடுத்துக்குவோம். இப்பல்லாம் ரொம்ப எடுக்க முடியறதில்ல. அவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"மனுசன் இல்ல சார், அம்மா" என்றான் நவநீதன்.

சனிக்கிழமை கோமளவல்லி அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கையெழுத்துப் போடப் பேனாவையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அவரைப் பார்த்ததும், "ஒரு நிமிஷம் இங்க நில்லுங்கம்மா" என்று நவநீதன் வாசலிலேயே நிறுத்தினான்.

அன்றைக்கு ஒரு டாக்டர் தம்பதிக்கு டெலிவரி. சூடம் காட்டியாயிற்று, பழம் வைத்தாயிற்று. புது வண்டி பின்வாங்கியது, பிரேக்கை இரண்டு முறை தொட்டது, ஒதுங்கியது. டாக்டரம்மா, "ஐயோ!" என்றார். பெனசீர் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

கோமளவல்லி அம்மா நெற்றியைச் சுருக்கினார். "அதென்ன... நா ஒதுங்கற மாதிரியே ஒதுங்குது?"

"உங்க கைதானுங்கம்மா அது. நீங்க முதல் நாலஞ்சு வருசம் ஓட்டுனதப் பாத்துத்தான் எல்லா ஹால்பெர்க்கும் ஓட்டவே கத்துக்கிச்சு. உங்க வண்டியில உங்களுக்குத் துணைக்கு வந்தது வேற யாரோ இல்ல. நீங்கதான்."

அவர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கூறுகெட்ட வண்டி!" என்றார். "வழியில கெடந்தா அது ஊரான் திருஷ்டி, ஒதுங்கோணும். பூச போட்டு வெச்சா அது நம்ம திருஷ்டி, ஏத்தோணும். ஒண்ணச் சொல்லிக் குடுத்தனே, இன்னொண்ணச் சொல்லிக் குடுக்கலியே நானு! ஆயுத பூசைக்குக்கூடச் சூடம் காட்டறதோட சரி, நானு காயி வெக்கறதில்ல. எட்டு வருசத்துல ஒருக்காக்கூட ஏத்துனதில்ல. வாங்குன அன்னிக்குக்கூட உங்க ஆளுதானே ஏத்திக் குடுத்தான்."

"நீங்க விக்கப்போற வண்டி அங்க நிக்குது" என்றான் நவநீதன். "துணைக்கை வேலை செஞ்சா உங்களுக்குத் தெரியற மாதிரி மாத்தி வெச்சிருக்கேன். உங்க டாக்டர் பாத்து ஓட்டலாம்னு சொன்னா, இந்த ஒரு வண்டி மட்டும் ஓட்டுங்க. வேண்டாம்னா கையெழுத்துப் போடுங்க. எப்படியும் ஒருதடவ உக்காந்து பாருங்க."

பேனாவை அவனிடம் கொடுத்துவிட்டு அவர் போய் ஏறினார். குருக்களைக் கூப்பிட்டு இரண்டு பழம் வைக்கச் சொன்னார். நவநீதன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். வண்டி நகர்ந்ததும் ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுத்தது. அவர் அதை உணர்ந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய தன் கையை, இந்த வயதில், உள்ளங்கையில் பிடித்திருந்தார். கண்கள் நிறைந்து வழிந்தன.

"ஒதுங்காதடி" என்றார் மெதுவாக. "இது நம்முளுது. ஏறு."

கை நடுங்கியது. ஆனாலும் நேராகப் பிடித்தார், விடவில்லை. இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

பச்சக்.

வண்டி விற்கப்படவில்லை. அவருடைய டாக்டர் சம்மதிக்கவே, பகலில் மட்டும் அம்மா அதை ஓட்டுகிறார். மற்றதற்கெல்லாம் டிரைவர் வைத்தாயிற்று. வாராவாரம் சனிக்கிழமை சர்வீஸ் பக்கம் வந்து இரண்டு பழம் ஏற்றிவிட்டுப் போவதைப் பார்த்து, என்ன வேண்டுதலோ என்று ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் டெலிவரிக்கு ஒரு வெள்ளை வண்டி நின்றது. ஒர்க்‌ஷாப் மோடுக்கு ஆள் அனுப்பப் பெனசீர் தயாராக இருந்தாள். வாங்கியவர் ஆக்சிலேட்டரைத் தொட்டார். வண்டி பின்வாங்கவில்லை. நேராகப் போய், பச்சக் என்று இரண்டையும் நசுக்கியது. பெனசீர் வாயைப் பிளந்தாள். வண்டி கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கியது. அங்கே யாரோ திருஷ்டி கழித்துப் போட்ட பழம் ஒன்று கிடந்தது. பிரேக் விளக்கு இரண்டு முறை மின்னியது, வண்டி அழகாக ஒதுங்கிப் போனது.

"சார், என்ன சார் இது? யாரு சார் சரி பண்ணினது?"

நவநீதன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா ஓட்டறாங்க" என்றான்.